வயிறு மெத்தென்று இருந்தும் நள்ளிரவில் எதற்கு சி.டி. ஸ்கேன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். சைட்டராபின் என்ற மருந்து சேர்ந்த கீமோ முடிந்து பதினோராம் நாள் ராத்திரி, வலப்பக்க அடிவயிற்றில் வலி, லூஸ் மோஷன், 101 டிகிரி காய்ச்சல். எமர்ஜென்சியில் வயிற்றை அழுத்திப் பார்த்த டூட்டி டாக்டர் "மெத்தென்றுதான் இருக்கிறது" என்றார். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் சி.டி. எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் "சீக்கத்தின் (பெருங்குடல் தொடங்கும் இடத்தின்) சுவர் 7 மி.மீ. தடிப்பு, டிஃப்ளைட்டிஸ்" என்று இருந்தது. ஆபரேஷன் செய்யவில்லை. டிரிப்ஸ், ஆண்டிபயாட்டிக், வாய்வழியாக எதுவும் கூடாது, அவ்வளவுதான். இப்போது உங்களுக்கு முக்கியமாக மூன்று சந்தேகங்கள். வயிறு மெத்தென்று இருந்தால் ஏன் அந்த அவசரம்? இத்தனை கீமோவுக்கு மேல் கதிர்வீச்சும் கான்ட்ராஸ்ட் ஊசியும் கெடுதல் இல்லையா? புற்று குடலுக்குப் பரவிவிட்டதா?

மூன்றாவதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது, அதனால் அதை முதலில் சொல்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய ரிப்போர்ட் வரிகள் பரவலைச் சொல்லவில்லை. புற்றுக்குக் கொடுத்த மருந்து குடலின் உள்தோலைப் புண்ணாக்கியிருக்கிறது, அந்த நேரம் பார்த்து வெள்ளை அணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கின்றன, குடலுக்குள்ளேயே இருக்கும் கிருமிகள் சுவருக்குள் நுழைந்திருக்கின்றன. டிஃப்ளைட்டிஸ் என்பது இதுதான்.

நான் ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர். நோயாளியின் முகத்தை அதிகம் பார்க்காத வேலை என்று சொல்வார்கள், பாதி உண்மை. ராத்திரி டூட்டியில் "கீமோ பேஷன்ட், வயிற்றுவலி" என்று போன் வந்தால் மற்ற ஸ்கேன்களைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். காரணம் உங்கள் முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

சாதாரண ஆளுக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வயிறு பலகை மாதிரி விறைக்கும், தொட்டாலே கையைத் தட்டிவிடுவார். அந்த விறைப்பும் வலியும் அழற்சியால் வருபவை. அழற்சியை நடத்துபவை வெள்ளை அணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள். அவை ஓடிவந்து சீழ் பிடிக்க வைத்து, சுற்றியுள்ள சவ்வைச் சீண்டினால்தான் டாக்டரின் விரலுக்குச் செய்தி போகும். கீமோ முடிந்து ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்கு நாளில் அந்த எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே போய்விடும். ஆரோக்கியமானவர்களுக்குப் பொதுவாக 1,500-க்கு மேல் இருக்கும். உங்கள் அம்மாவின் பதினோராம் நாள் அந்தப் பள்ளத்தின் நடுவில் விழுகிறது. குடல் உள்ளே வெந்துபோய்க் கிடக்கும், வெளியே வயிறு மெத்தென்று இருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இதே கதை, குடலில் ஓட்டை விழுந்தபிறகும் வலி பெரிதாகத் தெரியாது. ஆக, இவர்களிடம் மெத்தென்ற வயிற்றை நம்பி "காலையில் பார்க்கலாம்" என்று அனுப்புவதுதான் ஆபத்து. உங்கள் டூட்டி டாக்டர் அதை நம்பாமல் சி.டி.க்கு எழுதினார் பாருங்கள், அவர் விவரமானவர்.

சரி, அல்ட்ராசவுண்ட் போதாதா? சில இடங்களில் போதும். குழந்தைகளுக்கு நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன், படுக்கையிலேயே செய்யலாம், கதிர்வீச்சும் இல்லை. குடல் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதை நன்றாக அளந்துவிடும், 4 மி.மீ.க்கு மேல் போனால் தடிப்பு. 2001-ல் இத்தாலியில் வந்த ஓர் ஆய்வு இதை வைத்தே பிழைப்பு வாய்ப்பைக் கணக்கிட்டது. சுவர் 10 மி.மீ.க்கு மேல் தடித்தவர்களில் 60 சதவீதம் பேர் இறந்தார்கள், அதற்குக் கீழே இருந்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேர். உங்கள் அம்மாவுக்கு 7 என்பதால் தைரியமாக இதைச் சொல்கிறேன். அது அல்ட்ராசவுண்ட் அளவு, சி.டி. அளவோடு அப்படியே ஒட்டவைத்துப் பார்க்கக் கூடாது, ஆனாலும் 7 என்ற எண்ணைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் அல்ட்ராசவுண்டுக்குக் காற்று ஆகாது. குடலில் காற்று நிரம்பியிருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. இந்த நோயாளிகளிடம் நாங்கள் முக்கியமாகத் தேடுவதோ காற்றைத்தான், இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் காற்றை. நிமிர்ந்து உட்கார வைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்-ரேயில், ஓட்டை வழியாக வெளியேறிய காற்று உதரவிதானத்துக்குக் கீழே பிறை மாதிரி தெரியும். அதற்குக் காற்று மேலே ஏறும்வரை நோயாளி ஐந்து பத்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளை அணு கவுண்ட் விழுந்து, பிரஷர் இறங்கி, கண்ணைத் திறக்கவே தெம்பில்லாதவரை எங்கே உட்கார வைப்பது? சி.டி.யில் படுத்தபடியே சில நொடிகளில் முடிந்துவிடும். ஊசிமுனை அளவு காற்றுக்குமிழியும் தெரியும், ஆனால் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். வயிற்றுக்கான அமைப்பில் கொழுப்பும் காற்றும் இரண்டுமே கறுப்பாகத் தெரியும். திரையில் நுரையீரலுக்கான அமைப்புக்கு மாற்றினால் கொழுப்பு சாம்பலாகிக் காற்று மட்டும் கறுப்பாக நிற்கும். புதிதாக வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "லங் விண்டோ போட்டுப் பார்த்தாயா?" தலையைச் சொறிந்தால் மறுபடி பார்க்கச் சொல்வேன்.

உங்கள் அம்மாவின் படத்தில் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைப்பது இவை. சீக்கம் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பை, அதிலிருந்துதான் குடல்வால் தொங்குகிறது. குடலிலேயே இது நன்றாக உப்பக்கூடிய பகுதி, கழிவு தேங்கி நிற்கும் பகுதி, ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைவு. கிருமிகளுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? சுவர் தடித்து, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கினாற்போல் மங்கி இருக்கும். சிலருக்குச் சிறுகுடலின் கடைசி அடிகளும், மேலேறும் பெருங்குடலும் சேர்ந்து வீங்கும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபிறகு சுவர் வெளிச்சம் ஏறாமல் இருண்டே இருந்தால் அந்த இடம் செத்துக்கொண்டிருக்கிறது என்று பயப்படுவோம். சுவருக்குள்ளேயே காற்றுக்கோடுகள் இருக்கின்றனவா, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் காற்று ஏறியிருக்கிறதா, வெளியே சீழ் கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். குடல்வால் தனியாக நல்லபடியாக இருக்கிறதா என்பதும் கட்டாயம் பார்க்க வேண்டியது. ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கும் சாதாரண அப்பெண்டிசைட்டிஸ் வரக்கூடாது என்று சட்டம் இல்லையே.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தடித்த சீக்கத்தின் படத்தை மட்டும் என் கையில் கொடுத்து, வேறு எதுவும் சொல்லாமல் "இது என்ன?" என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் ஊரில் அதே இடத்தில் காசநோய் வரும், அமீபா வரும், டைபாய்டு வரும். ஆண்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வரும் சி. டிஃப் என்ற கிருமியின் பெருங்குடல் அழற்சியும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும், சுவர் இன்னும் பூதாகாரமாக மடிந்து மடிந்து இருக்கும். அதனால்தான் உங்கள் அம்மாவின் மலத்தையும் டெஸ்டுக்கு எடுத்திருப்பார்கள். என்ன மருந்து, எப்போது கொடுத்தது, இன்று கவுண்ட் எவ்வளவு என்ற மூன்று விவரமும் சேர்ந்தால்தான் படம் பேசும்.

ஆரம்ப காலத்தில் இதில் நான் சறுக்கியிருக்கிறேன். ஸ்கேன் சீட்டில் "வயிற்றுவலி, வாந்தி, காரணம் பார்க்க" என்று மட்டும் எழுதி ஓர் அம்மா வந்தார். சிறுகுடல் அடைபட்டு, அதற்கு மேலே உப்பிக் கிடந்தது. இடுப்புக்குள் சில வளையங்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்தன. புற்றாக இருக்கலாம் என்று எழுதப்போன நேரத்தில் சீனியர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று, "சாக்ரம் எலும்பைப் பார்" என்றார். இடுப்பில் முதுகெலும்பின் அடியில் இருக்கும் எலும்பு அது. அதில் மெல்லிய விரிசல்கள், எலும்பு வலுவிழந்து தானாக விழும் வகை. மலக்குடலுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பும் அகன்றிருந்தது. வெளியே போய் அந்த அம்மாவிடம் கேட்டேன், "எப்போதாவது கரண்ட் வெச்சாங்களா?" "அது ஆச்சு தம்பி பன்னெண்டு வருஷம், கர்ப்பப்பை வாயில. அப்பவே குணமாயிடுச்சே" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. குணமான நோயை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கரண்ட் என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை குடலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே போகும். விளைவு சில மாதங்களிலும் தெரியலாம், பல வருடம் கழித்தும் தெரியலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இடுப்புப் பகுதியில் வழக்கமாக ஐந்து வாரம், 25 சிட்டிங் வைப்பார்கள். இடுப்புக்குள் இறங்கிக் கிடக்கும் சிறுகுடல் கடைசிப் பகுதிக்கு அதில் ஒரு பங்கு விழத்தான் செய்யும். தடிப்பு கரண்ட் வைத்த எல்லைக்குள் மட்டும் நின்றால் அதுவே பெரிய துப்பு.

ஒவ்வொரு மருந்துக்கும் இப்படி ஒரு கைரேகை உண்டு. பெவாசிசுமாப், அவாஸ்டின் என்ற பெயரில் தெரிந்திருக்கும், 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை. புண் ஆறவும் அதே புது ரத்தக்குழாய்கள்தான் வேண்டும். அதனால் அதை எடுப்பவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குக் குடலில் ஓட்டை விழுகிறது. பெரிய தடிப்பு எதுவும் இல்லாமல் வெளிக்காற்று மட்டும் தெரியலாம். மருந்தின் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 20 நாள் ஆகும். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன்னால் 28 நாளாவது நிறுத்தச் சொல்வது அதனால்தான். ஓட்டையை அவசரமாகத் தைக்கப் போகும் சர்ஜனுக்கு அந்த வசதி கிடையாது, தையல் ஆறாது என்று தெரிந்தே கத்தியை எடுக்கிறார்.

இம்யூனோதெரபி வேறு வகை. இபிலிமுமாப் 2011-ல் வந்தது, பிறகு நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். இவை நோய் எதிர்ப்புச் சக்தியின் பிரேக்கை எடுத்துவிடுபவை. புற்றைத் தாக்க வேண்டிய படை சிலசமயம் குடலையும் தாக்குகிறது. இங்கே கவுண்ட் விழுந்திருக்காது, டிஃப்ளைட்டிஸின் கணக்கு பொருந்தாது. பெருங்குடல் முழுக்க லேசாக வீங்கி, ரத்தக்குழாய்கள் விம்மி, உள்ளே தண்ணீர் நிரம்பி நிற்கும். ஆனால் சி.டி. கிட்டத்தட்ட நார்மலாக இருந்தும் எண்டோஸ்கோப்பியில் அழற்சி தெரிந்ததுண்டு, ஆகவே நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம் என்று எழுதும் ஒரே இடம் இதுதான் எனக்கு. சிகிச்சையும் நேர் எதிர். அங்கே வெள்ளை அணுக்களை ஏற்ற ஊசி போடுகிறோம், இங்கே ஸ்டீராய்டு கொடுத்து அவற்றை அடக்குகிறோம். மருந்துப் பெயர் தெரியாமல் ரிப்போர்ட் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வின்கிரிஸ்டினைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்து. சில ஊர்களில் அதையே சுடுகாட்டு மல்லி என்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் எத்தனையோ பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் தடுத்த செடி அது. ஆனால் நரம்பைப் பிடிக்கும், குடலின் நரம்பையும். மலம் இறங்காது, வயிறு உப்பும், எக்ஸ்-ரேயில் குடல் முழுக்கக் காற்று. அடைப்பு போலவே இருக்கும், ஆனால் சி.டி.யில் அடைத்த இடம் என்று ஒன்று இருக்காது. வோரிகொனசோல், இட்ராகொனசோல் மாதிரியான பூஞ்சைக்கொல்லி மாத்திரைகள் கூடச் சேர்ந்தால் இது இன்னும் மோசமாகும். இதற்கு ஆபரேஷன் தேவையில்லை.

படம் பயமுறுத்தி ஆள் நன்றாக இருப்பதும் உண்டு. சூனிடினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலருக்குக் குடல் சுவர் நெடுகிலும் காற்று. வார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். வலி இல்லை, குடல் சாகும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் ஏறவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிட்டுக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதும்.

கதிர்வீச்சுக் கேள்விக்கு வருகிறேன். வயிறு-இடுப்பு சி.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சும்மா இருந்தாலே வாங்குவது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. ஆக மூன்று நான்கு வருடத்து இயற்கைக் கதிர்வீச்சு ஒரே நேரத்தில். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி பக்கம் கதிரியக்கமுள்ள மோனசைட் மணலில் குடியிருப்பவர்களுக்கு அந்த இயற்கை அளவே மற்ற ஊர்களைவிட அதிகம். பல வருடம் கழித்து வரலாம் என்கிற மிகச் சிறிய ஆபத்தை, இன்றிரவு குடல் வெடிக்கும் ஆபத்தோடு தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று சி.டி. எடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தேறி வருபவருக்கு அல்ட்ராசவுண்டில் சுவரை அளந்தால் போதும்.

கான்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது அயோடின். பெரும்பாலும் சிறுநீரகம் நலிந்தவர்களுக்குத்தான் கவலை. சிஸ்பிளாட்டின், அதிக அளவு மீத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்துகளை வாங்கியவர்களுக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டுப் போடுவோம். சிறுநீரகம் சரியில்லாத சர்க்கரை நோயாளி என்றால் மெட்ஃபார்மினை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வோம். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை, தினம் ஒருவராவது கேட்கிறார்கள். ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் குடிக்கக் கொடுக்க மாட்டோம். அது வயிற்றுக்குள் கசிந்தால் பெரும் தொல்லை.

ஆபரேஷன் ஏன் செய்யவில்லை? ஓட்டை இல்லை, நிற்காத ரத்தப்போக்கு இல்லை, ஆண்டிபயாட்டிக் கொடுத்தும் சரிந்துகொண்டே போகவில்லை. இவை இருந்தால்தான் கத்தி. தட்டணுவும் வெள்ளை அணுவும் இல்லாத உடம்பில் வயிற்றைத் திறந்தால் ரத்தம் உறையாது, தையல் ஆறாது. கவுண்ட் ஏறும்வரை குடலுக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருந்தால் பலருக்கு அதுவே தேறிவிடுகிறது. கொலனோஸ்கோப்பி ஏன் செய்து பார்க்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். ஈரத்தாள் மாதிரி இருக்கும் குடலுக்குள் காற்றடித்துக் குழாய் விட யாரும் துணியமாட்டார்கள். அதே காரணத்துக்காக, கவுண்ட் குறைந்திருக்கும் நாட்களில் வீட்டில் இனிமா வைப்பது, ஆசனவாயில் மாத்திரை வைப்பது, அங்கே தெர்மாமீட்டர் வைப்பது எதுவும் வேண்டாம். லூஸ் மோஷனை நிறுத்துகிறேன் என்று மருந்துக்கடையில் லோப்பரமைடு வாங்கிப் போடுவதும் கூடாது. குடலைக் கட்டிப்போட்டால் கிருமி உள்ளேயே தேங்கும்.

அடுத்த சைக்கிளைக் குடல் முழுக்க ஆறியபிறகுதான் ஆரம்பிப்பார்கள், ஒருமுறை வந்தது மறுபடி வரலாம் என்பதால் மருந்தையோ அளவையோ மாற்றவும் கூடும். அதை உங்கள் ஆன்காலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. கீமோ ஃபைலில் மருந்துப் பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தையும், கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அம்மாவின் போனில், உங்கள் போனில், வீட்டில் கூட இருக்கும் யார் போனிலாவது. இன்னொரு ராத்திரி வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், ஸ்கேன் அறையில் இருப்பவரிடம் அதைக் காட்டுங்கள். "பழைய விஷயம்" என்று கரண்ட் வைத்ததை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், உங்கள் சித்தி "டைபாய்டுதானே, எந்தத் தண்ணீர் குடித்தாள்?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பெயர் ஒலிக்கிற விதத்தில் வந்த குழப்பம். டிஃப்ளைட்டிஸில் இருப்பது கிரேக்கத்தில் குருடு என்ற சொல், சீக்கம் ஒருபக்கம் வழியடைத்த பை என்பதால் அதற்குக் குருட்டுக் குடல் என்ற பெயர். டைபாய்டில் இருப்பது புகைமூட்டம் என்ற வேறு சொல், காய்ச்சலில் வரும் மயக்கத்துக்கு வைத்தது. தண்ணீரும் காரணமில்லை, நீங்கள் சமைத்ததும் காரணமில்லை என்று சித்தியிடம் சொல்லுங்கள்.